சிவப்புப் புள்ளி இருக்கா?

அந்தப் பள்ளிக்கூடத்தில் அவளை எல்லாரும் ஸ்டாண்டு டீச்சர் என்றுதான் சொல்வார்கள். எந்தப் பிள்ளையாவது கேமராவைக் கையில் பிடித்தபடி படம் எடுப்பதைப் பார்த்துவிட்டால் போதும், "என்ன அது, விசிறியா வீசுறதுக்கு? ஸ்டாண்டுல வை" என்று ஒரு அதட்டல் போடுவாள். முகத்துக்கு நேரே யாரும் அந்தப் பெயரைச் சொன்னதில்லை. ஆனாலும் அவளுக்குத் தெரியும். உள்ளுக்குள் கொஞ்சம் பெருமையும் உண்டு.

ஒரு சின்னச் செய்திச் சேனலில் பதினான்கு வருடம் கேமரா பிடித்தவள் அவள். முதலில் அங்கே தொலைபேசி எடுக்கும் வேலைக்குத்தான் சேர்ந்தாள். ஒருநாள் கேமராக்காரருக்குக் காய்ச்சல். ஆற்றில் வெள்ளம் வந்திருந்தது, அனுப்ப ஆள் இல்லை. "நான் போறேன்" என்று கேமராவைத் தூக்கித் தோளில் வைத்தவள் அதற்குப் பிறகு இறக்கவே இல்லை. தையல்கடைக்காரர் இன்றைக்கும் அவளுக்கு அளவெடுக்கும்போது, "வலது தோள் அரை அங்குலம் இறங்கியிருக்கும்மா" என்பார். அந்த அரை அங்குலம் அந்தச் சேனல் கொடுத்தது. ஒருநாள் சேனலை மூடினார்கள். தோள் மட்டும் அப்படியே நின்றுவிட்டது.

பிறகு பள்ளிக்கூடத்துக் கணினி அறையில் உதவியாளர் வேலை கிடைத்தது. அவளுடைய பழைய வேலையைப் பற்றித் தலைமையாசிரியை கேள்விப்பட்டு, "பிள்ளைங்களுக்கு வீடியோ செய்தி எடுக்கச் சொல்லிக் கொடுங்களேன்" என்று செவ்வாயும் வியாழனும் கடைசி மணிக்குப் பிறகு ஒரு வகுப்பைக் கொடுத்தார். பன்னிரண்டு பிள்ளைகள். இரண்டு கேமரா. மூன்று கணினி, அதில் ஒன்று தலையில் தட்டினால்தான் விழித்துக்கொள்ளும். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஐந்து நிமிடச் செய்தி. சாப்பாட்டு அறைக்கு வெளியே தொங்கும் டிவியில் அது ஓடும்.

அவள் வகுப்புக்கு ஒரு வழக்கம் இருந்தது. கேமரா பிடிக்கிற பிள்ளை பட்டனை அழுத்திவிட்டு, "சிவப்புப் புள்ளி இருக்கா?" என்று சத்தமாகக் கேட்க வேண்டும். திரையின் மூலையில் சிவப்புப் புள்ளி தெரிந்தால்தான் கேமரா பதிவு செய்கிறது என்று அர்த்தம். கேட்ட பிள்ளையே பதில் சொல்லக் கூடாது. பக்கத்தில் நிற்கிற இன்னொரு பிள்ளை எட்டிப் பார்த்து, "இருக்கு!" என்று சொல்ல வேண்டும். அதற்குப் பிறகு மனதுக்குள் பத்து எண்ண வேண்டும். அப்புறம்தான் பேச்சு. பேச்சு முடிந்த பிறகும் பத்து எண்ணிவிட்டுத்தான் நிறுத்த வேண்டும்.

"எதுக்கு டீச்சர் இன்னொருத்தர்? எனக்குக் கண்ணு இல்லையா?" என்று நெட்டை கேட்டான். வகுப்பிலேயே உயரமான பையன் அவன்.

"உனக்குக் கண்ணு இருக்கு. ஆனா எடுக்கும்போது உன் கண்ணு எதிர்ல உக்காந்திருக்கிற ஆள் மேலதான் இருக்கும். புள்ளிமேல இருக்காது. பதினாலு வருஷம் எடுத்தவளுக்கே இருக்காது. அதனால பக்கத்துல ஒரு கண்ணு வேணும்."

இந்தப் பேச்சை அவளே பின்னால் மறந்துபோவாள் என்று அன்றைக்கு யாருக்குத் தெரியும்?

இப்படிப் போய்க்கொண்டிருந்த வகுப்பில்தான் அவளுடைய நாத்தனார் வந்து நுழைந்தாள். வரவழைத்ததும் அவளேதான்.

நாத்தனாருக்கு இருபத்தெட்டு வயது. கணவருக்கு ஒரே தங்கை. விளம்பரப் படங்களை எடிட் செய்கிற வேலை, வேறு ஊரில். அங்கே கம்பெனி ஆட்களைக் குறைத்தபோது பெட்டியைத் தூக்கிக்கொண்டு அண்ணன் வீட்டுக்கு வந்துவிட்டாள். வந்தவள் ஹாலில் இருந்த சோபாவில் காலை நீட்டி, மடியில் லேப்டாப்பை வைத்தாள். அவ்வளவுதான். காலையில் அங்கே, மாலையில் அங்கே. தலையணை வந்தது, போர்வை வந்தது, சார்ஜர் ஒயர் ஹாலுக்குக் குறுக்கே கொடி கட்டியதுபோல வந்தது. ஸ்டாண்டு டீச்சர் ஒருநாளைக்கு நான்கு முறை அந்த ஒயரைத் தாண்டினாள். ஐந்தாவது முறை தடுக்கி விழப் பார்த்தாள். மறுநாள் காலையிலேயே தலைமையாசிரியையின் அறைக்குப் போய், "மேடம், எடிட்டிங் சொல்லிக்கொடுக்க எங்க வீட்டிலேயே ஒரு பொண்ணு இருக்கா, நல்லா செய்வா" என்றாள்.

சோபா காலியாக வேண்டும் என்பதுதான் அவள் எண்ணம். தன் இடமும் சேர்ந்து காலியாகும் என்று அவள் நினைக்கவில்லை.

முதல் வாரமே பிள்ளைகள் நாத்தனாருக்கு எடிட் அக்கா என்று பெயர் வைத்துவிட்டார்கள். அக்கா! இவள் டீச்சர், அவள் அக்கா. பள்ளிக்கூடத்துக் குழாய்களில் தண்ணீர் வராததைப் பற்றி ஒரு செய்தி எடுத்திருந்தார்கள். ஸ்டாண்டு டீச்சரின் மேற்பார்வையில் ஒன்பது ஷாட்டுகள், ஒவ்வொன்றும் அசையாமல், சிலை மாதிரி. நாத்தனார் பிள்ளைகளோடு உட்கார்ந்து அதை வெட்டினாள். குழாய், கை, காலி வாளி, குழாய், வறண்ட தொட்டி, மறுபடி குழாய். கண் சிமிட்டுவதற்குள் ஒவ்வொன்றும் மாறியது. கடைசியில் ஒரே ஒரு சொட்டு. அந்தச் சொட்டு விழுகிற சத்தத்தோடு படம் முடிந்தது.

சாப்பாட்டு அறை வாசலில் கைதட்டல் நிற்க ஒரு நிமிடம் ஆனது. ஐந்தாம் வகுப்புக் குழந்தைகள், "இன்னொரு தடவ போடுங்க!" என்று கத்தினார்கள். ஒன்றரை வருடமாகச் செய்தி போடுகிறாள், அவளுடையதை யாரும் இரண்டாவது தடவை கேட்டதில்லை.

"அண்ணி, உங்க ஷாட்டெல்லாம் பிரமாதம்" என்றாள் நாத்தனார், பக்கத்தில் வந்து. "கொஞ்சம் நீளம், அவ்வளவுதான். வெட்ட வெட்ட வந்துட்டே இருந்துச்சு."

"நீளமா இருந்தாத்தானே வெட்ட முடியும்?" என்றாள் இவள்.

"அதுவும் சரிதான் அண்ணி!" என்று சிரித்துக்கொண்டே போய்விட்டாள். குத்திய ஊசி குத்தின இடத்தில் இறங்காமல் திரும்பி வந்தால் எப்படி இருக்கும்? அப்படி இருந்தது இவளுக்கு.

அன்றிலிருந்து அவள் தலைகளை எண்ண ஆரம்பித்தாள். கேமராப் பக்கம் எத்தனை பிள்ளைகள், எடிட்டிங் பக்கம் எத்தனை பிள்ளைகள். முதலில் ஒன்பதுக்கு மூன்று. அடுத்த வாரம் ஆறுக்கு ஆறு. அதற்கடுத்த வாரம் நான்குக்கு எட்டு. எட்டாவது தலை அவளுடைய சொந்த மகளுடையது. ஒன்பதாம் வகுப்பில் படிக்கும் மகள், வகுப்பில் அம்மாவை ஒழுங்காக டீச்சர் என்று கூப்பிடுபவள், நாற்காலியை இழுத்துக்கொண்டு போய் அத்தையின் தோளோடு தோள் உரசி உட்கார்ந்திருந்தாள். இரண்டு தலைகளும் ஒரே திரையில் குனிந்திருந்தன. இரண்டு பேருக்கும் ஒரே மாதிரிச் சுருட்டை முடி. அந்த முடி இவள் பக்கத்திலிருந்து வந்ததில்லை.

வீட்டில் இன்னும் மோசம். கணவர் லிஃப்ட் பழுது பார்க்கிறவர். நாள் முழுக்க மேலும் கீழும் போய்விட்டு வருபவருக்கு வீட்டில் யார் ஏறுகிறார்கள், யார் இறங்குகிறார்கள் என்பது கண்ணில் படவே படாது.

"குட்டி கை வெச்சா எதுவும் அழகாயிடும்" என்பார் சாப்பிட்டுக்கொண்டே. இருபத்தெட்டு வயதுத் தங்கை அவருக்கு இன்னும் குட்டி. "சின்ன வயசுல என் லிஃப்ட் படத்தையெல்லாம் வெட்டி ஒட்டி ஒரு புத்தகம் பண்ணா, தெரியுமா?"

"இதோட பதினொரு தடவ சொல்லியாச்சு" என்றாள் இவள்.

"அம்மாவுக்குக் காதுல புகை வருது" என்றாள் மகள்.

"அடுப்புப் புகைடி. தட்டை எடு."

நாத்தனாரோ ஒன்றும் தெரியாதவள்போல, "அண்ணி, இன்னும் கொஞ்சம் சாதம் வைங்க, உங்க கையால சாப்பிட்டு நான் குண்டாகப் போறேன்" என்று தட்டை நீட்டினாள். அவள் கெட்டவளாக இருந்திருந்தால்கூடப் பரவாயில்லை. ஒரு குறை சொல்லி ஆறிக்கொள்ளலாம். குறையே இல்லாத ஆள்மேல் எரிச்சல் படுவதைப்போலக் கஷ்டம் வேறு இல்லை.

அந்த மாதக் கடைசியில் தலைமையாசிரியை இருவரையும் கூப்பிட்டார்.

"அடுத்த வருஷம் இந்த வகுப்புக்கு வாரத்துல ஒருநாள்தான் நேரம் ஒதுக்க முடியும். ஒரு நாளுக்கு ரெண்டு பேர் தேவையில்ல, ஒருத்தர் போதும். பெற்றோர் கூட்டத்துல போடப்போற செய்தியப் பார்த்துட்டு யாருங்கறத முடிவு பண்றேன். தப்பா நினைக்காதீங்க."

நாத்தனார், "அண்ணிதான் மேடம் இதை ஆரம்பிச்சவங்க" என்றாள் உடனே. ஸ்டாண்டு டீச்சருக்கு அதுவும் பிடிக்கவில்லை. விட்டுக்கொடுக்கிறாளாம்! கேட்டவர்கள் மனதில் யார் பெரியவள் ஆனது?

பெற்றோர் கூட்டத்துக்குப் பிள்ளைகள் எடுத்துக்கொண்ட விஷயம் பேருந்து நிறுத்தம். பள்ளி வாசலில் இருந்த நிறுத்தத்தை யாரோ சாலையின் எதிர்ப்பக்கம் மாற்றியிருந்தார்கள். தினமும் முந்நூறு பிள்ளைகள் லாரிகளுக்கு நடுவே சாலையைக் கடந்தார்கள். போக்குவரத்து அலுவலகத்து மேலாளர் மூன்று முறை தள்ளிப்போட்டு, கடைசியில் ஒரு புதன்கிழமை பத்து நிமிடம் தருவதாகச் சொன்னார். மறுபடி கேட்கக் கூடாது என்ற நிபந்தனையோடு.

இரண்டு பெரியவர்கள், மூன்று பிள்ளைகள். மகள் கேள்வி கேட்பவள். மைக்கு என்று பெயர் பெற்ற சின்னப் பெண் ஒலி பார்ப்பவள். கேமரா நெட்டை.

மேலாளரின் அறை இரண்டாவது மாடியில், பெரிய ஜன்னலோடு இருந்தது. மேசைமேல் கோப்புகள், ஓடாத கடிகாரம், மூடி போட்ட தண்ணீர் டம்ளர். நெட்டை ஸ்டாண்டை விரித்துக் கேமராவைப் பொருத்தினான். அப்போது ஸ்டாண்டு டீச்சர் அவன் தோளைத் தொட்டாள்.

"நீ தள்ளிக்கோ. இதை நான் எடுக்கறேன்."

"நான் எடுப்பேன் டீச்சர்..."

"எடுப்பே. இது ஒரே தடவதான். தள்ளு."

பிள்ளைகள்தான் எடுக்க வேண்டும், பெரியவர்கள் கேமராவைத் தொடக்கூடாது என்பது அவளே போட்ட சட்டம். அதை அவளே உடைத்தாள். நாத்தனார் பார்க்க வேண்டும். எட்டுத் தலைகளுக்கும் நாளைக்குத் தெரிய வேண்டும், எடுப்பது என்றால் என்ன என்று. விரல் தானாகப் பட்டனுக்குப் போனது. வெளிச்சம் சரியா, நாற்காலி சரியா என்று பார்க்கும்போதே அவள் ஒருமுறை அழுத்திவிட்டாள். பழக்க தோஷம். கேமரா ஓட ஆரம்பித்தது.

மேலாளர் தன் உதவியாளரோடு பேசிக்கொண்டே உள்ளே வந்தார். ஐம்பது வயது, தலைமுடியை ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்குக் கடன் வாங்கியிருந்தார். வந்தவர் நேராக நாத்தனாரைப் பார்த்து, "நீங்கதான் டீச்சரா? வாங்க, உக்காருங்க" என்றார்.

"இல்ல சார், அவங்கதான்" என்று நாத்தனார் கை காட்டினாள்.

"அப்படியா, சரி சரி" என்றவர் மறுபடி நாத்தனாரைப் பார்த்தே சிரித்தார். மகள் முதல் கேள்விக்கு வாயெடுத்தாள். இவள் பட்டனை அழுத்தினாள். ஓடிக்கொண்டிருந்த கேமரா நின்றது.

ஜன்னல் வெளிச்சம் திரையில் விழுந்து கண்ணைக் கூசவைத்தது. அவளும் திரையைப் பார்க்கவில்லை. அவள் பார்த்ததெல்லாம் கேள்வி கேட்ட மகளை விட்டுவிட்டு மேலாளர் மூலையில் உட்கார்ந்திருந்த நாத்தனாருக்குப் பதில் சொல்வதைத்தான். "சிவப்புப் புள்ளி இருக்கா?" என்று அவள் கேட்கவே இல்லை. கேட்காத கேள்விக்கு நெட்டை எட்டிப் பார்த்தான். அவன் முகம் மாறியது.

"டீச்சர்..."

"உஷ்!"

"டீச்சர், புள்ளி..."

"பேசாதேன்னா!" என்று கண்ணாலேயே அடித்தாள்.

நடுவில் மேலாளருக்குப் போன் வந்தது. "ஒரு நிமிஷம்" என்று வராந்தாவுக்குப் போனார். இவள் நிறுத்துவதாக நினைத்து அழுத்தினாள். கேமரா ஓடியது. நாத்தனாரும் மகளும் ஜன்னலோரம் போய் ஏதோ சொல்லிச் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு அவளுக்குப் பொறுக்கவில்லை. நெட்டையிடமும் மைக்கிடமும் குனிந்து, தாழ்ந்த குரலில் சொன்னாள்.

"வெட்டி ஒட்டறது யாரு வேணா செய்யலாம். எடுக்கறதுதான் வேலை. இவளை இங்க கொண்டுவந்து விட்டதே நான்தான், தெரியுமா? திறமைக்காக ஒண்ணும் இல்ல. எங்க வீட்டு சோபாவுல காலை நீட்டிக்கிட்டுக் கெடந்தா. அந்த சோபா காலியாகட்டும்னுதான்."

பிள்ளைகள் இரண்டும் தரையைப் பார்த்தன.

மேலாளர் திரும்பி வந்தார். இவள் அழுத்தினாள், நின்றது. பேட்டி முடிந்தது. அழுத்தினாள், ஓடியது. எடுத்த கையோடு பத்து விநாடி ஓடவிட்டுப் பார்ப்பது பதினான்கு வருடப் பழக்கம். அன்று பார்க்கவில்லை. நாத்தனார் பார்த்துக்கொண்டிருக்கும்போது சரிபார்த்தால், தன் கைமேல் தனக்கே சந்தேகம் என்று ஆகிவிடும் அல்லவா? கேமராவைப் பையில் போட்டுக்கொண்டு கீழே இறங்கியதும், அதை அணைத்துக் கார்டை உருவி, "இந்தா, இதுல வெட்ட ஒண்ணும் இருக்காது" என்று நாத்தனார் கையில் வைத்தாள்.

வியாழக்கிழமை வகுப்பில் நாத்தனார் பிள்ளைகள் முன்னால் எழுந்து நின்றாள். முகம் வெளுத்திருந்தது.

"மேலாளர் பேட்டி போயிடுச்சு. கம்ப்யூட்டருக்கு மாத்தும்போது நான் தப்பா அழிச்சுட்டேன். என் தப்புதான். மன்னிச்சுக்கோங்க."

பிள்ளைகள் ஒரே குரலில், "ஐயோ அக்கா!" என்றார்கள். நெட்டை மட்டும் வாயைத் திறந்து மூடினான்.

ஸ்டாண்டு டீச்சர் முகத்தில் கவலையைக் கொண்டுவர மிகவும் பாடுபட்டாள். உள்ளுக்குள் வெல்லக்கட்டி கரைவதுபோல ஒரு இனிப்பு. ஆண்டவா, இவளும் தப்பு செய்வாள்! தலைமையாசிரியை நாத்தனாரை ஐந்து நிமிடம் கடிந்துகொண்டார். போகும்போது ஸ்டாண்டு டீச்சரைத் தனியாகக் கூப்பிட்டு, "அனுபவம் அனுபவம்தான். அடுத்த வருஷம் நீங்களே பார்த்துக்குங்க. கூட்டத்தன்னைக்குச் சொல்லிடறேன்" என்றார். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அவள் கால் தரையில் படவில்லை.

வீட்டில் நுழைந்தால் சோபா காலி.

தலையணை இல்லை, போர்வை இல்லை. ஹாலில் ஒயரைக் காணவில்லை. நாத்தனார் சமையலறைப் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில், லேப்டாப்பை மடியில் வைத்து நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள், வேலைக்கு நேர்காணலுக்கு வந்தவள்போல.

"ஏன் அங்க உக்காந்திருக்கா?" என்று மகளிடம் கேட்டாள்.

மகள் புத்தகத்திலிருந்து தலையைத் தூக்கவில்லை. "அத்தை இனிமே சோபாவுல உக்கார மாட்டாங்களாம்."

கைப்பையை வைத்த கை அப்படியே நின்றது. சோபாவைப் பற்றி அவள் ஒரே ஒரு தடவைதான் வெளியில் பேசியிருக்கிறாள். ஒரே ஒரு அறையில்.

கேமராப் பையைத் திறந்தாள். கார்டு பக்க அறையில் பத்திரமாக இருந்தது. அழிந்துபோன கார்டு! கேமராவில் போட்டு, குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு ஓடவிட்டாள். மேலாளர் உள்ளே வருகிறார், உதவியாளரிடம் ஏதோ கேட்கிறார், முடியைச் சரிசெய்கிறார், மகள் வாயைத் திறக்கிறாள், படம் வெட்டுப்படுகிறது. அடுத்து காலி நாற்காலி. காலி நாற்காலியின்மேல் அவளுடைய குரல். வெட்டி ஒட்டறது யாரு வேணா செய்யலாம். திறமைக்காக ஒண்ணும் இல்ல. சோபா. பிறகு நகர்கிற தரை, செருப்புகள், பையின் இருட்டு. பத்து நிமிடப் பேட்டியில் ஒரு வார்த்தை இல்லை. ஒன்றை மட்டும் தெளிவாகப் பதிவு செய்திருந்தாள். தன்னை.

நேராகச் சமையலறைக்குப் போனாள்.

"ஏன் பொய் சொன்னே?"

நாத்தனார் லேப்டாப்பை மூடினாள். "என்ன பண்றது அண்ணி? பன்னெண்டு பிள்ளைங்க முன்னாடி அதைப் போட்டுக் காட்டச் சொல்றீங்களா? நானும் உங்க பொண்ணும்தான் பார்த்தோம்."

"அவ கேட்டாளா?"

"கேட்டா. அழுதா. அப்புறம் அவளேதான் சொன்னா, அழிஞ்சிடுச்சுன்னு சொல்லிடலாம் அத்தைன்னு."

"உனக்கு வகுப்பு போயிடும், தெரியுமில்ல?"

"தெரியும். நீங்க ஆரம்பிச்சது, நீங்களே வெச்சுக்கோங்க." கொஞ்சம் நிறுத்தி, "சோபாவையும்" என்றாள்.

அவள் கத்தியிருந்தால் இவளும் கத்தியிருப்பாள். இரண்டு பாத்திரம் உருண்டு, கணவர் ஓடிவந்து, எல்லாம் ஒரு வழியாக முடிந்திருக்கும். அவள் எழுந்து தண்ணீர் குடித்துவிட்டுப் போய்விட்டாள்.

அன்று இரவு முழுக்கப் புரண்டு புரண்டு படுத்தவளுக்கு மனசாட்சி உறுத்தியது என்று சொன்னால் கேட்க நன்றாக இருக்கும். ஆனால் உண்மை அது இல்லை. அவளுக்குப் பொறுக்காமல் போனது வேறொன்று. கைதட்டலை எடுத்துக்கொண்டாள், சரி. பிள்ளைகளை எடுத்துக்கொண்டாள், மகளை எடுத்துக்கொண்டாள். இப்போது என் தப்பையும் எடுத்துக்கொண்டு போய்விட்டாளே! அதிலும் என் மகளோடு சேர்ந்து! வாழ்நாள் முழுக்க அந்த வீட்டில் ஒருத்தி பெரிய மனுஷியாகவும், ஒருத்தி அவள் தயவில் பிழைத்தவளாகவும் உட்கார வேண்டும். அந்தச் சோபாவைப் பார்க்கும்போதெல்லாம் இது ஞாபகம் வரும். முடியாது. அந்தத் தப்பு என்னுடையது. நான் செய்தது. யாருக்கும் கொடுக்க மாட்டேன்.

செவ்வாய்க்கிழமை வகுப்பில் அவள் கேமராவைப் பெரிய திரையோடு இணைத்தாள்.

"கார்டு அழியல. உங்க எடிட் அக்கா பொய் சொல்லிட்டா. தப்பு என்னோடது. பட்டனை மாத்தி மாத்தி அழுத்தியிருக்கேன். ஓட வேண்டிய நேரத்துல நிறுத்தி, நிறுத்த வேண்டிய நேரத்துல ஓட்டியிருக்கேன். பாருங்க."

மேலாளர் முடியைச் சரிசெய்வதைப் பார்த்துப் பிள்ளைகள் சிரித்தார்கள். அவர் தன் உதவியாளரிடம், "எந்த ஸ்டாப்பைச் சொல்றாங்க இவங்க? அப்படி ஒண்ணு இருக்கா?" என்று கேட்டது தெளிவாகக் கேட்டது. வகுப்பே எழுந்து நின்றது.

"டீச்சர், இதையே போட்டுடலாம் டீச்சர்! ஆள் மாட்டினார்!"

"கூடாது" என்றாள் ஸ்டாண்டு டீச்சர். அதே நொடியில் நாத்தனாரும், "கூடாது" என்றாள். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"கேமரா ஓடுதுன்னு தெரியாம ஒருத்தர் பேசினதைப் போட்டா அது செய்தி இல்ல, திருட்டு" என்றாள் ஸ்டாண்டு டீச்சர். பிறகு படத்தை நிறுத்தினாள். "இதுக்கப்புறம் காலி நாற்காலி வரும். அதுல உங்க அக்காவைப் பத்தி நான் கேவலமாப் பேசினது இருக்கு. கேக்கணுமா?"

நெட்டைதான் மெதுவாகச் சொன்னான். "நானும் மைக்கும் அங்கயே கேட்டுட்டோம் டீச்சர். புள்ளி இல்லன்னு சொல்லத்தான் வந்தேன். நீங்க உஷ்ஷுன்னுட்டீங்க."

"ஆமா. உஷ்ஷுன்னேன்" என்றாள். பக்கத்துக் கண்ணை அவளே மூடியிருந்தாள். நாத்தனார் பக்கம் திரும்பி, எல்லார் முன்னாலும், "அப்படிப் பேசியிருக்கக் கூடாது" என்றாள். மன்னிப்பு என்ற வார்த்தை மட்டும் வரவில்லை. நாத்தனார் தலையை மட்டும் ஆட்டினாள்.

மேலாளர் மறுபடி நேரம் தரவில்லை. மகள் சாலையோரத்தில் நின்று, கேமராவைப் பார்த்துச் சொன்னாள்: "மேலாளர் எங்களோட பத்து நிமிஷம் பேசினார். அதைப் பதிவு செய்ய நாங்க தவறிட்டோம். அது எங்க தப்பு. அதனால இப்போ சாலையை மட்டும் காட்டறோம்." நெட்டை எடுத்தான். ஸ்டாண்டில் வைத்துத்தான் எடுத்தான். "இருக்கு!" என்று மைக்கு கத்தியது அடுத்த தெருவரைக்கும் கேட்டிருக்கும்.

பெற்றோர் கூட்டத்தில் விளக்கை அணைத்துப் படத்தைப் போட்டார்கள். சாலையின் இந்தப் பக்கம் ஒரு கூட்டம் பிள்ளைகள் நிற்கிறார்கள். லாரி போகிறது. இன்னொரு லாரி போகிறது. ஒரு சின்னப் பெண் காலை எடுத்து வைத்துப் பின்வாங்குகிறாள். ஸ்டாண்டு டீச்சர் பழக்கத்தில் எண்ண ஆரம்பித்தாள். பத்து. நாத்தனார் வெட்டவில்லை. பதினைந்து. இருபது. மறுபடி கால் எடுத்து வைத்து மறுபடி பின்வாங்குகிறாள். அரங்கத்தில் ஒரு இருமல்கூட இல்லை. நாற்பத்தோரு விநாடி, ஒரே ஷாட், வெட்டே இல்லாமல்.

வெட்டுகிறவள் வெட்டாமல் விட்டுவிட்டாளே! இது எனக்கல்லவா தோன்றியிருக்க வேண்டும்? கைதட்டலுக்கு நடுவில் ஸ்டாண்டு டீச்சருக்குக் கண் கலங்கியது. பக்கத்தில் இருந்த கணவர் பெருமையில் அழுகிறாள் என்று நினைத்து முதுகைத் தட்டிக்கொடுத்தார்.

தலைமையாசிரியை மறைக்காமல் சொன்னார். "நீங்க சொல்லாம இருந்திருந்தா உங்களுக்குத்தான் கொடுத்திருப்பேன். சொன்னதுல எனக்கு மரியாதை கூடித்தான் இருக்கு. ஆனா பிள்ளைங்கள நகர்த்திட்டு நீங்க கேமராவைப் பிடிச்சது எனக்கு உறுத்துது. வகுப்பு உங்க நாத்தனார் கையில இருக்கட்டும்."

"வாயை மூடிட்டு இருந்திருக்கலாமே?" என்றார் கணவர், வழியில்.

"இருந்திருக்கலாம்" என்றாள். "அப்புறம் உங்க குட்டிய நான் தினம் கும்பிடணும்."

அடுத்த வருடம் புதன்கிழமைதான் வகுப்பு. நாத்தனார் வேறு வீடு பார்க்கப் போவதாகச் சொல்லிக்கொண்டிருந்தாள், ஆனால் இன்னும் பார்க்கவில்லை. சோபாவுக்கு எப்போது திரும்பினாள் என்று யாரும் கவனிக்கவில்லை. ஒருநாள் ஸ்டாண்டு டீச்சர் ஒயரில் தடுக்கினாள். அப்போதுதான் தெரிந்தது.

முதல் புதன்கிழமை, கணினி அறையைப் பூட்டிவிட்டு வராந்தாவில் போய்க்கொண்டிருந்தவள் வீடியோ வகுப்பு நடக்கும் அறையின் கதவருகே நின்றாள். நிற்கக் கூடாது என்று தனக்குத் தானே சொல்லியிருந்தாள். உள்ளே தலைகளை எண்ணினாள். பதினெட்டு! அவள் காலத்தில் பன்னிரண்டைத் தாண்டியதில்லை. மகள் முன்வரிசையில்.

"சிவப்புப் புள்ளி இருக்கா?" என்றது நாத்தனாரின் குரல்.

"இருக்கு!"

என்னுடைய கேள்வி, என்று நினைத்தாள் இவள். என்னுடைய புள்ளி.

"இப்போ பத்து எண்ணணும். எல்லாரும் சேர்ந்து. ஒண்ணு ரெண்டு மூணு நாலு அஞ்சு ஆறு..."

விளம்பரப் படம் வெட்டிய வாய். பத்தும் நான்கே விநாடியில் முடிந்துவிட்டது. ஸ்டாண்டு டீச்சர் பல்லைக் கடித்தாள். இரண்டடி நடந்தாள். உள்ளே மறுபடி, "ஒண்ணு ரெண்டு மூணு" என்று ரயில் ஓடியது.

திரும்பி வந்து கதவைத் தள்ளித் திறந்தாள்.

"இதுக்குப் பேரு பத்தா? என்ன, பஸ்ஸைப் பிடிக்கப் போறியா? மெதுவா எண்ணு. ஒவ்வொரு எண்ணுக்கும் ஒரு மூச்சு விடு."

பதினெட்டுத் தலைகளும் திரும்பின. நாத்தனார் ஸ்டாண்டின் பக்கத்திலிருந்து நகர்ந்து, சிரிக்காமல், "நீங்களே எண்ணுங்க அண்ணி" என்றாள்.

கதவுப் பிடியை விடாமலேயே ஸ்டாண்டு டீச்சர் எண்ண ஆரம்பித்தாள். மகள் வாய்க்குள் கூடவே எண்ணுவது தெரிந்தது. ஏழு வரும்போது டீச்சர் கேமராத் திரையை எட்டிப் பார்த்தாள். புள்ளி இருந்தது.